மூச்சுக்குப் பதினெட்டு

ஜூன் 9, திங்கள்

காலை ஷிப்டில் இன்று புது காண்ட்ராக்ட் ஆட்கள் பதினான்கு பேருக்கு உடல் தகுதிப் பரிசோதனை. அவர்களை ஏற்றிவந்த வேன் லேட். கேட்டிலிருந்து ஓடிவந்தவனுக்கு உடனே பட்டையைக் கட்டி பி.பி. பார்த்தால் நூற்றைம்பதுக்குக் குறைந்தா காட்டும்? பத்து நிமிஷம் உட்காரட்டும் என்றேன். எச்.ஆர். ஹேமநாத் வாசலில் வந்து நின்றுகொண்டு, "சிஸ்டர், இவங்க பத்து நிமிஷம் உக்காந்தா அங்க லைன் பத்து நிமிஷம் நிக்கும்" என்றார். நிற்கட்டும். உட்காரவைத்துத்தான் பார்த்தேன். ஒருவனுக்குக் கை நடுங்கியது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையாம். என் டப்பாவிலிருந்து இரண்டு இட்லி கொடுத்தேன்.

காய்ச்சல், நாடி, பி.பி., விரலில் கிளிப் மாட்டி ஆக்ஸிஜன் — நான்கையும் ஒழுங்காகத்தான் பார்த்தேன். ஐந்தாவது கட்டம், நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு. அதில் பதினான்கு பேருக்கும் 18. மூன்று வருஷத்துக்கு முன்னால் தேர்வாய் கண்டிகையில் இந்தக் கம்பெனி மருத்துவ அறையில் சேர்ந்த முதல் நாளே மதிய ஷிப்ட் நர்ஸ் கல்பனா சொல்லிக்கொடுத்தது. "மூச்ச எவ எண்ணிக்கினு இருப்பா? ஆளுக்கு ஒரு நிமிஷம்னா அம்பது பேருக்கு இன்னா ஆவும்? பதினெட்டு போட்டுட்டுப் போய்க்கினே இரு."

நர்சிங் படிக்கும்போது வேறு மாதிரி சொன்னார்கள். நாடி பார்த்து முடித்த பிறகும் மணிக்கட்டை விடக்கூடாது. பிடித்துக்கொண்டே நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். எண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டால் ஆள் மூச்சை மாற்றிவிடுவான். எனக்குத் தெரியாததில்லை. ஆனாலும் எங்கள் பதிவேட்டில் மூன்று வருஷமாக எல்லாருக்கும் ஒரே மூச்சு.

மதியம் ஒன்றே காலுக்கு கல்பனா வந்தாள். அவளுக்கு இரண்டு மணி ஷிப்ட், சாப்பாட்டுக்காக முன்னாலேயே வந்துவிடுவாள். இறால் தொக்கு. பழவேற்காட்டில் அவள் அண்ணன் ஏரியில் பிடித்தது. என் கத்தரிக்காய்க் குழம்பை அவள் ஊற்றிக்கொண்டாள். பாதி தொக்கை எனக்கு வைத்துவிட்டு, போதவில்லை என்று திட்டினாள்.

ஜூன் 12, வியாழன்

அடுத்த வாரம் ஆடிட். மருத்துவ அறைக்குப் புதுத் திரைச்சீலை வந்திருக்கிறது. நான் ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருப்பது ஸ்டெதாஸ்கோப்.

ஜூன் 17, செவ்வாய்

எழுதினால்தான் தூக்கம் வரும்.

பதினொன்றரை மணிக்கு ஆசிட் லைனிலிருந்து மோகன்ராஜைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கம்பிச் சுருளை ஆசிட் தொட்டியில் முக்கித் துருவெடுக்கும் வேலை அவருக்கு. புகை உறிஞ்சும் ஃபேன் காலையிலிருந்து ஓடவில்லையாம். படுக்கச் சொன்னால் படுக்கவில்லை, எழுந்து முன்னால் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். ஒரு வாக்கியத்தை மூன்று தடவை நிறுத்தி நிறுத்திப் பேசினார். கழுத்துக் குழி உள்ளே இழுத்தது.

கைகளில் கிரீஸ். சோப்பு போட்டுக் கழுவித் துடைத்த பிறகுதான் கிளிப் வேலை செய்தது. ஆக்ஸிஜன் 91. நாடி 124. மணிக்கட்டை விடாமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணினேன். முழு நிமிஷம். 32. நம்பாமல் மறுபடியும் எண்ணினேன். அதே 32. பதிவேட்டில் ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டு வரி உண்டு: 'வந்தபோது', 'போகும்போது'. வந்தபோது வரியில் 11.40 என்று நேரம் போட்டு எல்லாவற்றையும் எழுதினேன்.

கம்பெனி டாக்டர் திங்களும் வியாழனும்தான் வருவார். போனில் சொன்னேன். ஆக்ஸிஜன் வைத்துப் பாருங்கள், இறங்கினால் அனுப்புங்கள் என்றார். வைத்தேன். 94 வந்தது. 108-ஐக் கூப்பிடுகிறேன் என்று போனை எடுத்தபோது ஹேமநாத் உள்ளே வந்தார். "சிஸ்டர், ஆடிட்டருங்க உள்ள இருக்காங்க. ஆம்புலன்ஸ் கேட்டுக்குள்ள வந்தா இன்னா ஆவும்னு தெரியும்ல? கம்பெனி கார் மூணு மணிக்கு வந்துடும். அதுல அனுப்பலாம்." போனை வைத்துவிட்டேன். ஏன் வைத்தேன்? என் கையில்தானே இருந்தது?

இரண்டு மணிக்கு கல்பனா டூட்டி எடுத்தாள். எல்லாம் சொன்னேன். ஆக்ஸிஜனைக் கழற்றினால் இறங்குகிறது, வீட்டுக்கு மட்டும் அனுப்பாதே, ஆஸ்பத்திரிக்குத்தான் என்று இரண்டு தடவை சொன்னேன். பதிவேட்டைக் காட்டினேன். 32-ஐப் பார்த்து, "இன்னாடி, நெஜமாவே எண்ணியா?" என்று கேட்டாள். "பஸ்ஸு பூடும், நீ போ. நான் பாத்துக்க மாட்டனா?"

இரண்டே காலுக்குக் கம்பெனி பஸ். போய்விட்டேன்.

ஜூன் 18, புதன்

மோகன்ராஜை மூன்று மணிக்கு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். கார் இல்லை. ஷேர் ஆட்டோவில். எளாவூர் செக்போஸ்ட் பக்கத்தில் இறங்கி, நின்றிருந்த லாரியைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்துவிட்டாராம். லாரிக்காரர்கள்தான் அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அங்கிருந்து சென்னைக்கு. மூச்சு மிஷினில் வைத்திருக்கிறார்களாம்.

பதிவேட்டைத் திறந்தேன். என் வரி இருக்கிறது. கீழே கல்பனாவின் எழுத்தில், மாலை 3.00. நாடி 88. மூச்சு 18. ஆக்ஸிஜன் 97. நலம், வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

97? ஆக்ஸிஜன் வைத்தே 94-ஐத் தாண்டாத ஆளுக்கு, ஒரு மணி நேரத்தில்?

போன் செய்தேன். "நான் பாக்கும்போது நல்லாத்தான் இருந்தாரு" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

ஜூன் 20, வெள்ளி

கல்பனா இரண்டு நாளாக மதியம் சாப்பிட முன்னால் வருவதில்லை. இரண்டு மணிக்குச் சரியாக வருகிறாள். பதிவேடு ஹேமநாத்தின் மேஜைக்குப் போய்விட்டது.

ஜூன் 24, செவ்வாய்

மாடியில் விசாரணை. ஹேமநாத், மேலாளர், கல்பனா, நான். காபி கொடுத்தார்கள்.

மோகன்ராஜுக்கு முன்பே வீசிங் இருந்திருக்கும், அதற்குக் கம்பெனி பொறுப்பில்லை என்பது அவர்கள் கட்சி. வேலையில் ஒன்றும் ஆகவில்லை, மூன்று மணிக்கு நன்றாகத்தான் நடந்து போனார் என்பதற்கு கல்பனா வரி சாட்சி. அதற்கு இடைஞ்சல் என் 11.40 வரி ஒன்றுதான். என் வரி நின்றால் மோகன்ராஜுக்குக் கம்பெனிக்குள்ளே என்ன ஆயிற்று என்பது நிற்கும். இல்லாவிட்டால் அந்த மனுஷன் வியாதிக்காரன், நான் பொய்க்காரி.

ஹேமநாத் கல்பனாவைக் கேட்டார். நீங்கள் டூட்டி எடுத்தபோது 'வந்தபோது' வரியில் என்ன இருந்தது?

"காலியா இருந்துச்சு சார்."

முதலில் எனக்கு விளங்கவில்லை. யாரைப் பற்றியோ பேசுகிறார்கள் என்று நினைத்தேன். மறுநாள் காலை ஷிப்டுக்கு வந்து, ஆள் ஆஸ்பத்திரியில் இருப்பது தெரிந்த பிறகு நான் எழுதிச் சேர்த்தேனாம். நான் அவளைப் பார்த்தேன். அவள் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரைக் கேளுங்கள் என்றேன். கேட்டுவிட்டார்களாம். ஏதோ மூச்சுத் திணறல் என்று சொன்ன ஞாபகம், எண்ணிக்கை நினைவில்லை என்றாராம்.

அதன் பிறகுதான் பதிவேட்டை என் பக்கம் திருப்பினார் ஹேமநாத். பென்சிலால் மூச்சுக் கட்டத்தில் மேலிருந்து கீழே கோடு இழுத்துக் காட்டினார். 18, 18, 18. பக்கம் பக்கமாக. "இதெல்லாம் எண்ணினதா சிஸ்டர்? இல்ல, வழக்கமாப் போடுறதா? கல்பனா சிஸ்டர் சொன்னாங்க, நீங்க எண்ணவே மாட்டீங்கன்னு."

சொல்லிக்கொடுத்தவள் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். பொய் சொல்லியிருக்கலாம், எல்லாம் எண்ணினேன் என்று. யார் நிரூபிக்க முடியும்? ஆனால் வாயில் வரவில்லை. "அதெல்லாம் எண்ணலை சார். இதை எண்ணினேன். ரெண்டு தடவை" என்றேன். மேலாளர் சிரித்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, யாராக இருந்தாலும் சிரிப்பார்கள். கல்பனா சிஸ்டர் பக்கங்களையும் புரட்டிப் பாருங்கள், அங்கேயும் பதினெட்டுதான் என்றேன். அது இன்றைய விஷயம் இல்லை என்றார்கள்.

ஜூன் 25, புதன்

மூணு வருஷம். அவ புள்ளைக்குக் காய்ச்சல்னா நான் ரெண்டு ஷிப்டும் பாத்தேன். எங்க மாமனார் செத்தப்ப அவதான் வந்து எங்க ஊட்ல சோறு ஆக்கினா. சிரிச்சிக்கினே பேசினதை எல்லாம் கொண்டுபோய் அவன் மேஜையில வெச்சிருக்கா. பதினெட்டு போடச் சொன்னவ நீ. நான் பதினெட்டு போடுறேன்னு போட்டுக்குடுத்தவளும் நீ. என்னைப் பாத்து சொல்லியிருந்தாக்கூடப் பரவாயில்ல. டம்ளரைப் பாத்துக்கினு சொன்னா.

நான் இன்னா பாவம் பண்ணேன் உனக்கு?

ஜூன் 26, வியாழன்

வீட்டில் அன்புசெல்வன் இரண்டு நாளாக என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இன்று, "நீ எண்ணியிருந்தா எண்ணினதுதான். சாப்பிடு" என்றார். கட்டிக்கொண்டவர் நம்புகிறார். அது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

ஜூலை 3, வியாழன்

எங்களைக் கம்பெனிக்கு அனுப்பும் ஏஜென்சியிலிருந்து போன். நாளையிலிருந்து வரவேண்டாமாம். காரணம் கேட்டேன். "மேல சொன்னாங்கம்மா" என்றார்.

ஜூலை 11, வெள்ளி

கல்பனாவைக் கம்பெனி ஆளாக எடுத்துக்கொண்டார்களாம், ஏஜென்சியிலிருந்து மாற்றி. செக்யூரிட்டி முனுசாமி அண்ணன் கடைத்தெருவில் பார்த்துச் சொன்னார். அவருக்கு ஒன்றும் தெரியாது. "உன் ஃபிரண்டுக்கு நல்ல காலம்மா" என்று சந்தோஷமாகச் சொன்னார். நானும் ஆமாம் என்றேன்.

ஜூலை 14, திங்கள்

மோகன்ராஜின் மனைவி புவனேஸ்வரி வீட்டுக்கு வந்துவிட்டாள். வாசலிலேயே நின்று கத்தினாள். தெருவே பார்த்தது. "மூச்சு வுட முடியாதவனப் பாத்து நல்லா இருக்கான்னு எழுதி அனுப்பிட்டியேம்மா. நீயும் தாலி கட்டிக்கினவதானே?" கம்பெனியில் அவளிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். நர்ஸ் சரியாகப் பார்க்கவில்லை, அவளை நிறுத்திவிட்டோம் என்று.

நான் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு, அன்றைக்குக் கையில் எடுத்த போனை வைத்தது நினைவுக்கு வந்தது. அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள். நடந்ததை நடந்தபடி சொன்னேன், பதினெட்டையும் சேர்த்து. நம்பினாளா தெரியவில்லை. போகும்போது, "ஆஸ்பத்திரில ஒரு சீட்டு குடுத்திருக்காங்க. அத்த எடுத்தாரட்டா?" என்று கேட்டாள்.

ஜூலை 15, செவ்வாய்

சீட்டைப் பார்த்தேன். எளாவூரிலிருந்து கொண்டுபோனவுடன் ஆஸ்பத்திரியில் எழுதியது. மாலை 4.20. மூச்சு 36. ஆக்ஸிஜன் 84. வேலை செய்த இடத்தில் ஆசிட் புகை என்றும் எழுதியிருக்கிறது. லாரிக்காரர்களிடம் மோகன்ராஜ் அதை எப்படியோ சொல்லியிருக்கிறார். எண்ணி எழுதிய அந்த முகம் தெரியாத நர்ஸ் நன்றாக இருக்கட்டும்.

திருவள்ளூரில் தொழிலாளர் அதிகாரியிடம் மனு கொடுக்கச் சொன்னேன். நானே எழுதிக்கொடுத்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பக்கத்தில் சின்ன கிளினிக்கில் வேலை. சம்பளம் குறைவு. டாக்டர் நல்லவர், வேகமான ஆள். நான் ஒவ்வொருவருக்கும் மூச்சை ஒரு நிமிஷம் எண்ணுகிறேன். வரிசை வாசலைத் தாண்டிப்போகிறது. "இன்னா நர்ஸம்மா, கையப் புடிச்சிக்கினே தூங்கிட்டியா?" என்றார் ஒரு பெரியவர். 22 தாத்தா, பேசாமல் உட்காருங்கள் என்றேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

மோகன்ராஜ் வீட்டுக்கு வந்துவிட்டார். போய்ப் பார்த்தேன். படுக்கையிலிருந்து வாசல் வரை வருவதற்குள் இரண்டு இடத்தில் நிற்கிறார். வயது முப்பத்து நான்கு.

அக்டோபர் 8, புதன்

கல்பனா வந்தாள்.

கிளினிக் மூடும் மதிய நேரம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். இளைத்திருக்கிறாள். ஆஸ்பத்திரிச் சீட்டு திருவள்ளூருக்குப் போனதும் கம்பெனி பேச்சை மாற்றிவிட்டதாம். டூட்டியில் இருந்த நர்ஸ் தவறாகப் பார்த்துவிட்டாள், நாங்கள் அவளை நம்பினோம் என்று எழுதிக்கொடுத்துவிட்டார்களாம். அவளை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். என்னைச் சொன்ன அதே கம்பெனி வாய். சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்தேன். வரவில்லை.

அந்த 97 எப்படி வந்தது என்று கேட்டேன். வேறு எதையும் கேட்கவில்லை.

உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். "ஆக்ஸிஜன கழட்டினதும் எறங்கிக்கினே போச்சு. எம்பத்தொம்போது. ஹேமநாத் சாரு பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தாரு. இந்த நம்பர எழுதாத, நல்லா எழுதி ஊட்டுக்கு அனுப்பு, உன்ன கம்பெனில எடுத்துக்கறோம்னாரு. சும்மா ஒரு நம்பர எழுத எனக்கு மனசு வரல அருணா. கிளிப்ப என் வெரல்ல மாட்டிப் பாத்து எழுதிட்டேன்."

ஆக, நாடி 88-ம் அவளுடையது. மோகன்ராஜின் பெயருக்கு நேரே அவள் உடம்பு. பொய் எழுதக் கை வரவில்லையாம், அதனால் உண்மையான எண்ணை எழுதினாளாம். மூன்று வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவள் இவள்தானா?

"என் வரி காலியா இருந்துச்சுன்னு சொன்னியே?"

"அதுவும் அவர் சொல்லச் சொன்னதுதான்." அழுதாள். 28-ஆம் தேதி திருவள்ளூரில் விசாரணை. மூச்சை இங்கே யாருமே எண்ண மாட்டோம், அது அந்த அறைப் பழக்கம் என்று மட்டும் நான் வந்து சொல்ல வேண்டுமாம். அவள் எழுதியதும் பழக்கத்தில் தவறுதலாக நடந்தது என்று ஆகிவிடுமாம். "கிளிப் விஷயம் வெளிய தெரிஞ்சா என் நர்சு லைசென்சே பூடும்டி. உன்னாண்ட மட்டும்தான் சொல்லியிருக்கேன்."

சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. டீ வாங்கிக்கொடுத்தேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. கல்பனாவிடமிருந்து போனில் வாழ்த்து. திறந்து பார்த்தேன், பதில் போடவில்லை.

அக்டோபர் 27, திங்கள்

தவறுதலாக நடந்தது என்றால் யாருக்கும் தெரிந்து நடக்கவில்லை என்று ஆகிவிடும். ஹேமநாத் தப்பிவிடுவார். ஃபேன் ஓடாதது மறைந்துவிடும். மோகன்ராஜ் மிச்ச வயசெல்லாம் முன்பே வியாதிக்காரனாகத்தான் இருப்பார். கிளிப்பைச் சொன்னால் கல்பனாவின் லைசென்ஸ் போய்விடும். இரண்டு பெண் பிள்ளைகள் அவளுக்கு.

அவள் என்னை விற்றபோது என் வீட்டைப் பற்றி நினைத்தாளா? நினைத்திருப்பாள். அதுதான் தாங்கவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

திருவள்ளூர். அதிகாரி ஒரு அம்மாள், நிதானமாகக் கேட்டார். மோகன்ராஜ் நாற்காலியில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் புவனேஸ்வரி. ஹேமநாத் இஸ்திரி கலையாத சட்டையில் வந்திருந்தார்.

என் முறை வந்ததும் முதலில் என் பதினெட்டுகளைச் சொன்னேன். மூன்று வருஷமாக எண்ணாமல் எழுதியது என் தப்பு, யாரும் என் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை என்றேன். ஜூன் 17 அன்று ஆம்புலன்ஸைக் கூப்பிடாமல் போனை வைத்ததும் நான்தான் என்றேன். பிறகு 97 யாருடைய ஆக்ஸிஜன் என்பதைச் சொன்னேன். பக்கத்தில் நின்றது யார் என்பதையும்.

அந்த அம்மாள் கல்பனாவைப் பார்த்து, "உண்மையா?" என்றார். கல்பனா, "ஆமாங்க மேடம்" என்றாள். அதன் பிறகு எல்லாவற்றையும் அவளே சொன்னாள். என் வரி காலியாக இல்லை என்பதையும். ஹேமநாத் எழுந்து ஏதோ சொல்லப் போனார், உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

வேலையிடத்தில் நேர்ந்த பாதிப்பு என்று பதிவாகிவிட்டது. புவனேஸ்வரி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். மோகன்ராஜ் பேச முயன்றார். பேச வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

வெளியே வேப்பமரத்தடியில் கல்பனா நின்றிருந்தாள். அழவில்லை. "உன்ன நம்பித்தானேடி சொன்னேன்" என்றாள்.

இந்த நான்கு மாதமாக அவளிடம் சொல்ல நான் வைத்திருந்தது அதே வார்த்தைதான். அவள் முந்திக்கொண்டாள்.

கும்மிடிப்பூண்டிக்கு ஒரே பஸ்தான் நின்றிருந்தது. இருவரும் ஏறினோம். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இடம் விட்டாள். மூன்று வருஷமும் அப்படித்தான் விடுவாள், பழக்கம். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்டக்டர், "அதான் சீட் காலியா இருக்குதே, உக்காரும்மா" என்றார். பரவாயில்லை என்றேன். பெரியபாளையத்தில் பின்னால் ஒரு சீட் காலியானது. அங்கே போய் உட்கார்ந்தேன்.